டூட்டிங்கில் ஒரு சர்க்கேல்

"எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று லண்டன் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி கேட்டார். ஊரிலிருந்தே ஒத்திகை பார்த்து வந்த ஆங்கிலத்தில், "திவான்களைப் பற்றிப் பேச" என்றேன். அவர் என் சட்டையையும், அதற்கு மேல் போட்டிருந்த மைத்துனனின் ஸ்வெட்டரையும், அதற்கு மேல் போட்டிருந்த என் கல்யாணக் கோட்டையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "கட்டில் வியாபாரமா?" என்றார்.

அன்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் விம்பிள்டன் கடைத்தெருவில் ஒரு மரச்சாமான் கடையின் கண்ணாடியில் 'திவான்கள் பாதி விலை' என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே அடியில் இழுப்பறை வைத்த மெத்தைக் கட்டில்கள். அரசரைத் தவிர யாருக்கும் எழுந்து நிற்காத மனிதர்களின் பதவியை இந்த ஊரில் படுக்கையாக்கி, அந்தப் படுக்கையையும் தள்ளுபடியில் விற்கிறார்கள். கடை வாசலில் நின்று பல்லைக் கடித்தேன். குளிரில் பல் ஏற்கெனவே அடித்துக்கொண்டுதான் இருந்தது. பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

நான் தமிழ்நாட்டில் ஒரு பழைய சமஸ்தானத்துத் தலைநகரில், அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். எந்தச் சமஸ்தானம் என்று எழுதப் போவதில்லை. இந்தப் பயணத்தில் சம்பாதித்த பகையே எனக்குப் போதும். அரசருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்பதுதான் என் ஆராய்ச்சி. முதலில் வாளோடு உட்கார்ந்த தளவாய்கள். பிறகு அரச முத்திரையோடு உட்கார்ந்த சர்க்கேல்கள். அதற்கும் பிறகு, ரெசிடெண்ட் என்கிற வெள்ளைக்காரரின் சிபாரிசோடு உட்கார்ந்த திவான்கள். அந்த நாற்காலி இருந்த பங்களாவில் இப்போது டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். என் ஆராய்ச்சியைப் பற்றி உலகத்தில் இரண்டே பேர்தான் என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். ஒருவர் என் வழிகாட்டிப் பேராசிரியர். அது அவர் வேலை. இன்னொருவர் டாக்டர் சந்தானம்.

டாக்டர் சந்தானம் எங்கள் ஊர்க்காரர். விம்பிள்டனில் காது மூக்கு தொண்டை வைத்தியர். காதுக்கு வைத்தியம் பார்ப்பாரே தவிர, தன் காதைப் பயன்படுத்திப் பார்த்தவரில்லை. அவருடைய எள்ளுத்தாத்தாதான் எங்கள் சமஸ்தானத்தின் முதல் திவான். அந்தப் பெரியவரின் படத்தை டூட்டிங்கில் ஒரு மண்டபத்தில் திறந்து வைக்கப் போகிறார்கள், நான் வந்து 'திவான் பதவியின் வரலாறு' பேச வேண்டும் என்று டிக்கெட் அனுப்பியிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் கல்லூரியில் அதுவரை வெளிநாடு போனவர் விலங்கியல்காரர் ஒருவர்தான், அதுவும் கொழும்புக்கு. நான் ஒரு மாதம் தலை நிமிர்ந்தே நடந்தேன், சைக்கிளில் போகும்போதுகூட.

விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்தவர் கனகலிங்கம். ஐம்பது வயதிருக்கும். பருத்தித்துறைக்காரர், சண்டைக்குத் தப்பி வந்து டூட்டிங்கில் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறார். "வாங்கோ மாஸ்டர்" என்று பெட்டியைப் பிடுங்கினார். எங்கள் ஊரில் மாஸ்டர் என்றால் டீ ஆற்றுகிறவர், இல்லாவிட்டால் புரோட்டா போடுகிறவர். இரண்டுமே என்னைவிடப் பயனுள்ளவர்கள் என்பதால் மறுப்புச் சொல்லவில்லை.

பாதி வழியில் கார் படுத்துவிட்டது. "கிளச் கேபிள் அறுந்து போட்டுது. இறங்கித் தள்ள ஏலுமே மாஸ்டர்?" என்றார். சீமையில் நான் செய்த முதல் காரியம் கார் தள்ளியது. நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு துரை எங்களைப் பார்த்து, "மழை வரும்போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு நடந்தார். எங்கள் ஊராக இருந்தால் பத்துப் பேர் கூடியிருப்பார்கள். எட்டுப் பேர் யோசனை சொல்வார்கள், இரண்டு பேர் தள்ளுவார்கள். இங்கே யோசனை சொல்லக்கூட ஆளில்லை.

ஓரம் கட்டிவிட்டு, வேறு காருக்காகக் காத்திருந்தபோது கனகலிங்கம் மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் திவான்மாரைப் பற்றி மட்டுந்தான் கதைப்பியளோ? சர்க்கேலைப் பற்றியும் கதைப்பியளோ?"

உலகத்தில் மூன்றாவது ஆள்! எனக்குக் குளிர் விட்டுப்போனது. சர்க்கேலுக்குப் பகலிலும் தீவட்டி பிடிப்பார்கள், பல்லக்கு உண்டு, வெள்ளைக்குடை உண்டு, அரச முத்திரை எந்நேரமும் அவர் பொறுப்பில்தான் இருக்கும், அது பதியாத ஓலை வெறும் ஓலைதான், அரசரே எழுதினாலும் செல்லாது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார். வகுப்பில் இத்தனை அமைதியாக யாரும் கேட்டதில்லை. அங்கே அமைதி என்றால் தூக்கம்.

டாக்டர் வீட்டில் கூடத்துச் சுவரில் திவான் காத்துக்கொண்டிருந்தார். ஆளுயர எண்ணெய் ஓவியம். சிவப்புத் தலைப்பாகை, அங்கவஸ்திரம், கையில் முத்திரை. மறுநாள் காலை அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து கருகிய ரொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் ஆரம்பித்தார்.

"ப்ரொஃபசர், பேச்சைத் திவான்லேர்ந்தே ஆரம்பிச்சிடுங்க. அதுக்கு முன்னாடி இருந்த கதையெல்லாம் வேண்டாம்."

"அதுக்கு முன்னாடி சர்க்கேல் இருந்தாரே சார். அவர் போனதாலதானே திவானே வந்தார்."

"அந்தத் திருடன் பேரை எங்க தாத்தா படத்துக்கு முன்னாடி எடுக்கணுமா? இன்னும் கொஞ்சம் ஜாம் போட்டுக்குங்க."

ஜாம் போட்டுக்கொண்டேன். கோபம் வந்தால் இனிப்பு சாப்பிடுவது என் பழக்கம். என் மனைவி ஒரே பார்வையில் என் இடுப்பைப் பார்த்தே அந்த வருஷத்தின் கோபத்தைச் சொல்லிவிடுவாள். முகத்துக்கு நேரே மறுக்கத் தைரியம் வரவில்லை. டிக்கெட் அவருடையது, ரொட்டி அவருடையது, கூடத்தில் நின்றவரும் அவருடையவர்.

அடுத்த நாள் தனியாக ஊர் பார்க்கக் கிளம்பினேன். ஒரு காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளிப் பூண் போட்ட ஒரு தடி இருந்தது. பூணில் எங்கள் சமஸ்தானத்துச் சின்னம். சர்க்கேல் சபைக்கு வரும்போது முன்னால் நடப்பவன் தரையில் தட்டிக்கொண்டு வரும் தடி அது. அந்தச் சத்தம் கேட்டால் ஊரே எழுந்து நிற்க வேண்டும். கீழே அட்டையில், 'உள்ளூர் அலுவலர் ஒருவரின் கைத்தடி. அன்பளிப்பு' என்று எழுதியிருந்தது. அலுவலர்! அன்பளிப்பு! காவலாளியிடம் போய், இது அன்பளிப்பாக இருக்க முடியாது, பறித்தது என்று சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாக, "கழிப்பறை இடதுபுறம், ஐயா" என்றார். என் ஆங்கிலம் அப்படி.

அந்த வேகத்தில் பாதாள ரயிலில் ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டேன். "கடைசி நிறுத்தம்" என்று யாரோ தோளைத் தட்டினார்கள்; இறங்க வேண்டிய டூட்டிங்கைத் தாண்டி மோர்டன் வந்திருந்தது. திரும்பும் ரயிலில் தூங்கக் கூடாதென்று நின்றுகொண்டே வந்தேன். எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்று தெரியாமல் எதிர்ப்பக்கக் கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றதில், டூட்டிங் என் முதுகுக்குப் பின்னால் வந்து போயே போய்விட்டது. கனகலிங்கம் சொல்லியிருந்த சாப்பாட்டுக் கடைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இரண்டாவது தேநீரில் இருந்தார்.

புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சம்பலும் வந்தன. பக்கத்தில் ஒருவர் தோசைக்கல்லின் மேல் இரண்டு தகட்டை வைத்துக்கொண்டு கொத்துரொட்டியைப் போட்டு அடி அடியென்று அடித்தார். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அன்றைக்கு நான் அடிக்க நினைத்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அவர் அடிப்பதுபோல் இருந்தது.

பாதிப் புட்டில் கனகலிங்கம் சொன்னார்: "மாஸ்டர், அந்தச் சர்க்கேல் எங்கடை ஆள்."

"உங்க முன்னோரா?" என்று வாயிலிருந்த புட்டோடு கேட்டேன்.

"ஓம். பதவி போனாப்பிறகு வள்ளத்திலை பருத்தித்துறைக்கு ஓடி வந்தவராம். எங்கடை அப்பு சொல்லுறவர். டொக்டர் உங்களைக் கூப்பிடுறார் எண்டு கேள்விப்பட்டுத்தான், நான் காரோட்டுறன் எண்டு நானாப் போய்க் கேட்டனான்." கொஞ்ச நேரம் சம்பலைக் கிளறினார். "ஊரிலை எங்களுக்கு என்ன பேர் தெரியுமே? முத்திரைக் கள்ளன் வீடு. காணி உறுதிப் பத்திரத்திலை இல்லாத பேர், ஆனால் எல்லாருக்கும் அதுதான் தெரியும். சில பேர் எங்கடை பாட்டன் தபால் கந்தோரிலை முத்திரை திருடினவர் எண்டு நினைச்சவை."

அவருடைய மகள் சுபா ஒரு மருத்துவமனையில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். அதே இடத்தில் வேலை செய்யும் லண்டன் லூயிஷாமில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். சாதி சரி, சாதகம் சரி, சம்பளம் சரி. பையனின் தாயார் மட்டும், பருத்தித்துறையில் எந்த வீடு என்று விசாரித்திருக்கிறார். யாரோ சொல்லிவிட்டார்கள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

"ஷெல் விழுந்து வீடு இடிஞ்சு போட்டுது மாஸ்டர். கிணறு போட்டுது. கோயில் மதில் போட்டுது. இந்தப் பேர் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் லண்டன் வந்து சேர்ந்திருக்கு. விசாவும் கேக்கேல்லை."

அவர் என்னையே பார்த்தார். "நாளைக்குப் பெடியன்ரை வீட்டாரும் மண்டபத்துக்கு வருகினம். நீங்கள் படிச்ச மனிசர். அவர் களவெடுக்கேல்லை எண்டு ஒரு வசனம், ஒரே ஒரு வசனம் சபையிலை சொல்லுவியளோ?"

இங்கேதான் வரலாறு படித்தவனின் கேடு. "எடுத்தார்" என்றேன்.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப கள்ளன்தான்."

"முழுசாக் கேளுங்க அண்ணே." பயத்தில் எனக்குப் பேச்சு வேகமாக வந்தது. கம்பெனிக்காரர்கள் எங்கள் சமஸ்தானத்துச் சுங்கத்தையும் உப்பையும் தங்கள் பேருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அரசருக்குச் சின்ன வயது. பயந்துபோய்ச் சரி என்று சொல்லிவிட்டார். ஓலை தயார், ரெசிடெண்ட் வந்து உட்கார்ந்துவிட்டார், முத்திரை குத்த வேண்டியதுதான் பாக்கி. சர்க்கேல் சபைக்கு வந்து முத்திரைப் பேழையைத் திறந்து காட்டினார். காலி. தாமே எடுத்து ஒளித்துவிட்டு, 'காணவில்லை' என்றார், அவ்வளவுதான். பல்லக்கைப் பறித்தார்கள், குடையைப் பறித்தார்கள், வீட்டைத் தோண்டிப் பார்த்தார்கள். முத்திரை கடைசிவரை அகப்படவில்லை. மதராஸில் புதிதாக ஒன்று வெட்டி வருகிறவரை அந்த ஓலை வெறும் ஓலையாகக் கிடந்தது; அந்த ஒரு சாகுபடி முழுக்க எங்கள் ஊர் உப்பு எங்கள் ஊர் விலைக்கே விற்றது. புது முத்திரையோடு புது ஆள் ஒருவரையும் சேர்த்து அனுப்பினார்கள். சர்க்கேல் என்ற பெயரே இனிக் கூடாது என்று அவருக்குத் திவான் என்று பெயர் வைத்தார்கள். டாக்டர் வீட்டுச் சுவரில் நிற்பவர் கையிலிருப்பது அந்தப் புது முத்திரைதான்.

"இதெல்லாம் ஆருக்குத் தெரியும்?"

"யாருக்கு வேணும்னாலும் தெரியலாம். ரெண்டு தரப்பும் எழுதி வச்சிருக்காங்க. படிக்கத்தான் ஆளில்லை."

கொத்துரொட்டிக்காரர் அடிப்பதை நிறுத்தியிருந்தார். "எல்லாத்தையும் சபையிலை சொல்லுங்கோ" என்றார் கனகலிங்கம். "எடுத்ததையும் சொல்லுங்கோ. ஏன் எடுத்தவர் எண்டும் சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவர் பங்குப் புட்டையும் நானே சாப்பிட்டேன்.

மறுநாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபம். வாசலில் செருப்பு மலை, உள்ளே சாம்பார் வாசனை, மேடையில் மாலை போட்ட திவான். எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம், யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைய. நடு வரிசையில் மெரூன் பட்டுச் சேலையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாதான் லூயிஷாம் தாயார் என்று, வாசலில் கனகலிங்கம் எனக்கு அறிமுகம் செய்திருந்த சுபா கண்ணாலேயே காட்டினாள். கனகலிங்கத்தைக் கார்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்லி டாக்டர் வாசலுக்கு அனுப்பியிருந்தார். குடையில்லாமல் தூறலில் நின்றுகொண்டிருந்தார் மனிதர்.

விளக்கேற்றினார்கள். தேவாரம் பாடினார்கள். குழந்தைகள் நடனம், அது முடிந்ததும், முதலில் ஆடாத குழந்தைகளின் பெற்றோர் மனம் நோகக் கூடாதென்று இன்னொரு நடனம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னும் இரண்டு வாழ்த்துரை. சாரை சாரையாகப் பொன்னாடைகள். சீமைக்கு வந்தும் விட்டோமா? நானும் இதே மாதிரி எத்தனையோ மேடையில் நெளிந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் போல் எனக்கு ரத்தம் கொதித்ததில்லை. கடைசியில் டாக்டர் என் காதருகே குனிந்து, "ப்ரொஃபசர், ஹால் மூடற நேரமாச்சு. அஞ்சே நிமிஷம். தாத்தா வெட்டின குளத்தோட முடிச்சுக்குங்க" என்றார்.

கடல் தாண்டி வந்தவனுக்கு ஐந்து நிமிடம். குளத்துக்கு மட்டும்.

மேடை ஓரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மேசை மணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்திப் பேசிய எல்லோரையும் இரக்கமில்லாமல் அடித்து இறக்கியவர். அவரிடம் கெஞ்சுகிற குரலில், "அஞ்சு நிமிஷத்தை எப்பலேர்ந்து எண்ணுவீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"சபையை விளிச்சு முடிஞ்சாப் பிறகுதான் எண்ணுவன். விளிக்கேக்கை மணி அடிக்கிறதில்லை. அது மரியாதை இல்லை" என்றார் கண்டிப்பாக.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. நம் சபையில் பேச்சைக் குறுக்கே நிறுத்தலாம், வாழ்த்தை நிறுத்தலாம், பாட்டைக்கூட நிறுத்தலாம். விளித்தலை மட்டும் யாரும் நிறுத்தமாட்டார்கள். தன் பெயர் இன்னும் வரவில்லையே என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள். மைக்கைப் பிடித்தேன்.

"எங்கள் சமஸ்தானத்தில் அரசருக்கு அடுத்த நாற்காலியில் அரசர் கையாலேயே கடைசியாக உட்கார வைக்கப்பட்டவரும், நாட்டின் சுங்கத்தையும் உப்பையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் ஓலையில் பதிந்துவிடக் கூடாதென்று அரச முத்திரையைத் தாமே எடுத்து ஒளித்தவரும், அதற்காகப் பல்லக்கும் பகல் தீவட்டியும் பறிகொடுத்துக் கடல் கடந்தவருமான சர்க்கேலின் வழித்தோன்றல், இப்போது வாசலில் நனைந்துகொண்டு உங்கள் கார்களைக் காத்து நிற்கும் திரு. கனகலிங்கம் அவர்களே!"

மண்டபமே வாசலைத் திரும்பிப் பார்த்தது. தலைவருக்கு முன்னால் இன்னொருவரை விளிப்பதா? டாக்டரின் முகம் திவானின் தலைப்பாகை நிறத்துக்குப் போனது. மணிக்காரர் மணியைத் தொட்டார், அடிக்கவில்லை. கனகலிங்கம் கதவோரத்தில் வந்து நின்றார், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட.

"அவர் ஒளித்த முத்திரை எத்தனை தோண்டியும் அகப்படாததால், மதராஸில் வெட்டிய புது முத்திரையையும் புதுப் பதவிப் பெயரையும் ஒன்றாகக் கொடுத்து ரெசிடெண்ட் அனுப்பி வைத்த முதல் திவானின் எள்ளுப்பேரன், நமது தலைவர் டாக்டர் சந்தானம் அவர்களே!"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். யாரோ "ஸ்ஸ்" என்றார்கள். டாக்டர் என் கோட்டின் வாலைப் பிடித்து இழுத்தார். கல்யாணக் கோட்டு, ஏற்கெனவே நைந்தது. தையல் விடுகிற சத்தம் மைக்கில் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

"புது முத்திரை வந்து சேரும்வரை ஒரு சாகுபடி முழுக்கச் சொந்த உப்பைச் சொந்த விலைக்கு வாங்கித் தின்ற குடிகளின் பிள்ளைகளான எங்கள் ஊர்ப் பெரியோர்களே! சுங்கம் போனதும் அழாமல், உப்பு போனதும் அழாமல், திவானுக்குப் படம் திறக்க மட்டும் பட்டு உடுத்தி வந்திருப்பவர்களே!" இந்த இடத்தில் என் குரல் உடைந்து கீச்சென்று போய்விட்டது. கோபப்படும்போது எனக்குக் கம்பீரம் வராது. பூனை மாதிரி ஆகிவிடுவேன். "முத்திரையை ஒளித்தவனைக் கள்ளன் என்று சொன்னது நாட்டைக் கேட்டு வந்தவன். அவன் சொன்ன சொல்லை ஒரு வார்த்தை விசாரிக்காமல் வாங்கி, பட்டப்பெயராக்கி, சண்டைக்குள்ளும் பத்திரமாகக் காப்பாற்றி, கப்பலேற்றி லண்டன்வரை கொண்டுவந்து கலியாணப் பேச்சில் வைத்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம். விளித்து முடித்துவிட்டேன். இனி என் ஐந்து நிமிடம். திவான் குளம் வெட்டினார். நன்றி."

உட்கார்ந்தேன். மணிக்காரர், பழக்க தோஷமோ என்னவோ, மணியை ஒரு தட்டுத் தட்டினார்.

சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்தில் நிற்க யாரும் வரவில்லை. தட்டில் மூன்று கேசரி வைத்துக்கொண்டு நான் மட்டும் நின்றேன். மெரூன் சேலை அம்மா நேராக என்னிடம் வந்தார்; பின்னால் கனகலிங்கமும் சுபாவும்.

"நீங்கள் சொன்னது உண்மையோ?"

"உண்மைதாம்மா."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. உங்கடை கொலிஜ் கடுதாசியிலை, அந்த மனிசன் களவெடுக்கேல்லை எண்டு எழுதி, சீல் குத்திச் சைன் வைச்சுத் தாங்கோ. என்ரை புருசன்ரை தமையன்மாருக்குக் காட்டவேணும். நாளைக்கு ஒருத்தரும் கதைக்கக் கூடாது."

என் கை தன்னால் சட்டைப்பைப் பேனாவுக்குப் போனது. இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை. ஒரு வரிதானே என்று பட்டது. கனகலிங்கம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எழுதாதேங்கோ மாஸ்டர்." அந்த அம்மாவைப் பார்த்தார். "எடுத்தவர்தான், அக்கா. எடுத்ததாலைதான் எங்கடை ஆள். எடுக்கேல்லை எண்டு சீல் குத்தி வாங்கிற சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

அந்த அம்மா கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கோட்டு மாட்டும் இடத்துக்குப் போய்விட்டார். சுபா காகிதத் தட்டை இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். நான் இத்தனை வருஷம் படித்த வரலாற்றின் மேல் எனக்கே வெறுப்பு வந்தது. என்ன பிரயோசனம்? ஒரு பெண்ணின் கலியாணத்தை உடைக்கத்தான் அது உதவியிருக்கிறது. மூன்று கேசரியும் அப்படியே இருந்தன.

டாக்டர் அன்றிரவு என்னோடு பேசவில்லை. அவர் மனைவி மட்டும், "நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு நீங்களே பாத்துக்குவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுக் கோட்டின் கிழிசலைத் தைத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் எனக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

காலையில் தெருமுனையில் கனகலிங்கத்தின் கார் நின்றது. கிளச் மாற்றியிருந்தார். பின்சீட்டில் சுபா, வேலைக்குப் போகும் உடுப்பில்.

"நீயும் வர்றியாம்மா?" என்றேன்.

"ஏர்போர்ட்டுக்கு. அப்பா தனியப் போனால் உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுவார், அங்கிள். ஸோ எம்பரஸிங்." பிறகு முன்னால் சாய்ந்துகொண்டாள். "காலமை போன் வந்தது. அவரின்ரை அம்மா."

கனகலிங்கம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "எனக்குச் சொல்லேல்லை நீ."

"இப்ப சொல்லுறன்தானே. நான்தான் எடுத்தனான். எடுத்துக் கொண்டு, 'ஹலோ, முத்திரைக் கள்ளன் வீடு' எண்டன்."

கார் ஒருமுறை குலுங்கி நேரானது. கிளச் இல்லை, கனகலிங்கம்.

"அடி பாவி! போனை வைச்சிட்டாவோ?"

"இல்லை. இவ்வளவு நாளும் 'அன்ரி கதைக்கிறன்' எண்டுதானே சொல்லுறவ. இண்டைக்கு, 'சுபா, மாமி கதைக்கிறன்' எண்டு சொன்னவ."

மாமி என்றால் அவர்கள் ஊரில் மாமியார். வெளியே மழை. நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "நீ என்னம்மா சொன்னே?"

"எனக்கு இன்னும் கோபம், அங்கிள். லைனிலை நில்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, குசினிக்குப் போய் ஆறுதலாத் தேத்தண்ணி போட்டுக் குடிச்சனான். ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டனான்."

"பேந்து?" என்றார் கனகலிங்கம்.

"திரும்பி வந்து பாத்தன்." சுபா ஜன்னலைத் துடைத்து வெளியே பார்த்தாள். "அவ வைக்கேல்லை அப்பா."